'பக்தியுள்ள தாய்' என்று எழுதினால் போதுமா?

நம் சங்க இதழில் நான் எழுதுவது இது மூன்றாவது முறை. முன்பு எழுதிய இரண்டும் ரயில் பயணம் பற்றியவை. ஆசிரியர் அவற்றைச் சற்றுச் சுருக்கி வெளியிட்டார். இம்முறை வீட்டு விஷயம். சுருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் நம் சங்க அன்பர் ஒருவர், தம் தாயாரின் முதலாம் ஆண்டு நினைவுக்காக அச்சடிக்க இருந்த மடலைக் கொண்டுவந்தார். "சார், தமிழ்ப் பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள், நம் பையன்கள் யாருக்கும் தெரியாது" என்றார். மடலில் அம்மையாரின் புகைப்படம். கீழே ஒரு வேத வசனம். அதன்கீழ் 'பக்தியும் பாசமும் நிறைந்த தாய், பாட்டி' என்று ஒரு வரி. மற்ற மூன்று பக்கங்களிலும் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள், படிப்பு, உத்தியோகம், வசிக்கும் நாடு. இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2011இல் என் தாயார் காலமானபோது நான் அச்சடித்த மடலிலும் கிட்டத்தட்ட இதே வரிதான் இருந்தது. பக்தி, பாசம் என்ற வரிசையைக்கூட மாற்றவில்லை.

அப்படி எழுதியது தவறு என்பது இன்று என் கருத்து. பொய் என்பதால் தவறு இல்லை. என் தாயார் பக்தியுள்ளவர்தாம். ஆனால் அந்த ஒரு சொல்லை எழுதியவுடன், அவர் செய்த வேலை முழுவதும் அதற்குள் மறைந்துபோகிறது. அது எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு கல்லாற்றில் இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில், மலையடிவாரத்து ஊர். அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்குப் பெயர் தந்த ஆறு, பேருக்கேற்பக் கல் நிறைந்தது. யானைக்குட்டி போல உருண்டு திரண்ட பாறைகளுக்கு நடுவே கண்ணாடி போல் தண்ணீர் ஓடும். இந்த ஆறுதான் கீழே வாமனபுரம் ஆறாகி, அஞ்சுதெங்குக் காயலில் போய்ச் சேர்கிறது. பொன்முடி போகிறவர்கள் இன்று அங்கே வண்டியை நிறுத்திக் குளிக்கிறார்கள். எங்களை அம்மா அவ்வளவு எளிதில் இறங்க விடமாட்டார். "மக்களே, மலை கறுத்திருக்கு, தலைக்குமேல வெயிலடிச்சாலும் ஆத்துல கால் வைக்காத" என்பார். மேலே பெய்த மழை, கீழே வெயில் காயும்போதே வெள்ளமாக வந்துவிடும். அந்த வகை வெள்ளம் கொண்டுபோன உயிர்கள் பல.

பொன்முடி, போனக்காடு மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்களில் நம் தமிழர்களும் மிகுதி. அப்படி ஒரு தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளை. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம்.

அம்மா 1932இல் நெய்யூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். 1951இல் திருமணமாகிக் கல்லாற்றுக்கு வந்தார். அப்போது நெய்யூரும் கல்லாறும் திருவிதாங்கூர் - கொச்சி என்ற ஒரே மாநிலம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அம்மாவின் பிறந்த வீடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. புகுந்த வீடு கேரளத்தில் நின்றது. நாமெல்லாம் பெட்டி கட்டி, ரயிலேறிப் புலம்பெயர்ந்தவர்கள். அம்மா அடுப்படியை விட்டு நகராமலே வெளிமாநிலத் தமிழர் ஆனவர்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது மலையாளம். நல்ல மொழி, இன்றும் சரளமாக வாசிப்பேன். தமிழ் எழுத்து எனக்குத் தெரிந்தது அம்மாவிடமிருந்து மட்டும்தான். வீட்டில் தமிழ்ப் பாடப்புத்தகம் கிடையாது. இருந்தது ஒரு வேதப்புத்தகம். பவர் ஐயர் தலைமையில் மொழிபெயர்த்து 1871இல் முழுமையாக வெளிவந்த அந்தப் பழைய தமிழ்தான் எங்களுக்கு அரிச்சுவடி. அந்தி மயங்கி விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். ஜெபத்துக்கு முன் ஆளுக்குப் பத்து வசனம் எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும். மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றை அம்மா பரீட்சைத் தாளாகவே வைத்திருந்தார். எகொனியா, சலாத்தியேல், சொரொபாபேல் என்று தடுக்காமல் வாசித்து முடித்தால் ஒரு துண்டு கருப்பட்டி. எனக்கு அது கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. பின்னாளில் டிப்ளமோ படிப்பில் வந்த எந்தச் சூத்திரமும் சொரொபாபேல் அளவுக்கு என்னைப் படுத்தியதில்லை.

இதைப் பக்தி என்பதா, பள்ளிக்கூடம் என்பதா? அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். நாம்தான் ஒன்றை மட்டும் மடலில் அச்சடித்து மற்றதை விட்டுவிடுகிறோம்.

அடுத்தது அரிசிப் பானை. தென் திருவிதாங்கூர்ச் சபைகளில் கைப்பிடி அரிசி என்ற வழக்கத்தை நம் வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி திருப்பி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. வார முடிவில் அது ஆலயத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் பானை இரண்டு. ஒன்று ஆலயத்துக்கு. மற்றது யாருக்கு என்று நான் கேட்டதே இல்லை. அம்மா போன பிறகு அவருடைய வேதப்புத்தகத்தோடு ஒரு கணக்கு நோட்டு கிடைத்தது. தேதி, நாழிக் கணக்கு, பக்கத்தில் ஓர் எழுத்து: 'ச', 'பா', 'மு'. பெயர்கள் இல்லை. என் அக்காவைக் கேட்டேன். "லயத்துல பிள்ளை பெத்தவளுக்குப் போன அரிசிடா" என்றாள். வாங்கியவர் பெயர் வெளியே தெரியக்கூடாதென்று முதலெழுத்தை மட்டும் போட்டிருக்கிறார். தோட்டத்தில் கூலி தாமதப்பட்ட மாதங்களில் அந்த நோட்டில் பக்கம் நிறைந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதே மாதங்களில் ராத்திரிக்கு மரச்சீனிக் கிழங்கு. எங்களுக்குக் கிழங்கு பிடிக்கும் என்பதால் சமைக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

மூன்றாவதாகச் சொல்லப் போவதுதான் என்னை மிகவும் உறுத்துவது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தோட்டத்துப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி, கடைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் கூடுவார்கள். திண்ணையில் வேத வாசிப்பும் பாட்டும் நடக்கும். ஜெபக்கூட்டம் என்றே நான் எண்ணியிருந்தேன். இந்துப் பெண்களும் வந்தது சிறுவனான எனக்கு விசித்திரமாகப் படவில்லை. ஒரு வருஷம், மழைக்காலம் என்று நினைவு, அப்பாவும் அம்மாவும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் தெரியாது.

2011இல் அடக்க ஆராதனையில் மூன்று பேர் பேசினார்கள். மூவரும் ஜெபவீராங்கனை, பக்திமாட்சிமை என்றெல்லாம் பேசி அமர்ந்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது, பின்னால் நின்ற ஒரு வயதான அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் திருநீறு. "தம்பி, எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தது உங்க அம்மாதான். கொழுந்து நிறுக்கிற சீட்டை வாசிக்கவும் அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார். விவரம் கேட்டேன். கொழுந்தை நிறுத்து எழுதும்போது கூடையின் எடைக்கும் ஈரத்துக்கும் ஒரு கழிவு கழிப்பார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்று கைநாட்டு வைக்கிறவருக்குத் தெரியாது. அம்மா வேதப்புத்தகத்தில் எழுத்தும், அதிகார எண், வசன எண்களில் கணக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எண்ணத் தெரிந்ததும் பெண்கள் சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்டது யாரை? கணக்கப்பிள்ளையை. அதாவது என் அப்பாவை!

அந்த ஒரு வாரப் பேச்சில்லாமையின் காரணம் எனக்கு 53ஆம் வயதில்தான் தெரிந்தது. அம்மாவின் வேதப்புத்தகத்தில் நீதிமொழிகள் பகுதியில், தராசையும் படிக்கல்லையும் பற்றி வரும் இடங்களிலெல்லாம் பென்சில் கோடு இருக்கிறது. அப்பாவுக்கு அதைத்தான் வாசித்துக் காட்டினாராம். இதுவும் அக்கா சொன்னதுதான். அதன்பிறகு கழிவு எவ்வளவு என்பதை அப்பா ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிவிட்டே எழுதினார் என்று அந்த அம்மாள் சொன்னார். என் அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் கேட்க ஆளில்லாத இடத்தில் நல்லவரும் கொஞ்சம் அசட்டையாகத்தான் இருப்பார்.

என் மடலில் இதில் ஏதாவது வந்ததா? 'பக்தியும் பாசமும்'. அவ்வளவுதான்.

ரயில்வேயில் 37 வருஷம் பாதைப் பராமரிப்பில் இருந்தவன் நான். ரயிலுக்குப் பெயருண்டு, நிலையத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் தூக்கித் தம் பகுதித் தண்டவாளம் முழுக்க நடந்து, தளர்ந்ததை இறுக்கிவிட்டு வரும் கீமேனை எந்தப் பயணியும் பார்ப்பதில்லை. ஒருநாள் அவர் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவின் அந்தி ஜெபம் எனக்கு இப்போது அந்த நடையாகவே தோன்றுகிறது.

இந்த மறதி நம் குடும்பங்களோடு நிற்பதும் இல்லை. தென் திருவிதாங்கூர் மிஷன் வரலாற்றை எடுங்கள். 1806இல் மயிலாடிக்கு ரிங்கல்தௌபே ஐயர் வந்தார் என்று தொடங்கி ஆண்டுவாரியாகப் பெயர்கள் வரும். 1819இல் நாகர்கோவிலில் ஜொஹன்னா மீட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே லேஸ் பின்னிய கூலியில் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் உண்டு என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. ஒரு பெண் நூலும் ஊசியுமாக உட்கார்ந்து தன்னையே விலைகொடுத்து மீட்டிருக்கிறாள்! அவள் பெயர் நமக்குச் சொல்லப்படவில்லை. கற்றுக்கொடுத்த துரைசானியின் பெயர் தெரியும். தோளில் சீலை போட்டதற்காக அடிபட்ட பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலையில் அரசு விளம்பரம் வந்தது. விளம்பரம் செய்த மகாராஜாவின் பெயர் உண்டு, அடிபட்டவர்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்மாவின் பாட்டி லேஸ் பின்னியவர். அந்த ஊசிகளில் ஒன்று என் அக்காவிடம் இருக்கிறது. பாட்டியின் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியாது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சபைக்குள்ளும் அதே கதைதான். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. பெண்ணுக்குக் குருத்துவ அபிஷேகம் 1976இல் வந்தது. முதல் பெண் பேராயர் 2013இல், ஆந்திரத்து நந்தியால் திருமண்டலத்தில். அம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை. ஆலயத்தில் அவர் வாயைத் திறந்தது பாட்டுக்கும் ஜெபத்துக்கும் மட்டும். பிரசங்கம் எல்லாம் எங்கள் திண்ணையில்தான் நடந்தது.

பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் இருவரையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நம் மடல்களைவிட அது மேல். ஆனால் அங்கும் அவர்களுடைய விசுவாசம் மட்டும்தான் சொல்லப்படுகிறது. அந்தப் பாட்டி பேரனை மடியில் வைத்து என்ன சொன்னாள், எந்த மொழியில் சொன்னாள், தெரியவில்லை. தகப்பன் கிரேக்கன், தாய் யூதப்பெண். அதுவும் நம்மைப் போன்ற இருமொழி வீடாகத்தான் இருந்திருக்கும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான பேச்சு என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். திருப்புகழ் வழியாக எழுத்துக் கற்ற பேரன்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். சீறாப்புராணம் வாசித்த பாட்டிமாரின் பேத்திகளும் இருக்கிறார்கள். எங்கள் கல்லாற்றிலேயே இன்னொரு பாட்டி உண்டு. காணி இனத்து லட்சுமிக்குட்டி அம்மா. மலையாளிகள் வனமுத்தச்சி என்பார்கள். விஷக்கடிக்கும் மற்ற நோய்களுக்கும் பச்சிலை மருந்து தருபவர். தாயிடமிருந்து வாய்வழியாகக் கற்ற வைத்தியம் அது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செய்தியைப் பார்த்தபோது ஊர்ப்பெருமையில் எல்லோருக்கும் போன் செய்தேன். பிறகு யோசித்தேன். அரசாங்கம் ஒருவருக்கு விருது கொடுக்கும்போது அவர் என்னென்ன செய்தார் என்று எழுதிவைக்கிறது. 'நல்ல பாட்டி' என்று மட்டும் எழுதி யாரும் பத்மஸ்ரீ கொடுப்பதில்லை. நாம் பெற்ற தாய்க்கு அந்த மரியாதையைக்கூடச் செய்வதில்லை.

என் மருமகன் ஒருநாள் கேட்டார்: "மாமா, அந்தக் காலத்துப் பெண்களுக்கு வேறு வழியில்லை. பக்தி அவர்களை அடக்கி வைத்தது. அதைப் போய்ப் பெருமையாகச் சொல்லலாமா?" கேள்வி நியாயமானதுதான். அம்மாவைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதும் அந்தப் பக்திதான். எத்தனையோ நாள் அவர் பசியோடு படுத்ததற்கும் அதற்குப் பங்குண்டு. ஆனால் கணக்கப்பிள்ளையின் மனைவியாக இருந்துகொண்டு கணக்கைக் கேட்கச் சொல்லிக்கொடுக்கும் தைரியமும் அதே புத்தகத்திலிருந்துதான் வந்தது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். 'பக்தி' என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் என் மருமகனின் கேள்விக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1981இல் மத்திய ரயில்வேயில் சேர்ந்து சோலாப்பூர் வந்தேன். பிறகு குர்துவாடி, டௌண்ட், கடைசியில் புனே. அம்மா மாதம் ஒரு இன்லண்ட் கடிதம் எழுதுவார். டிரங்குப் பெட்டியில் 214 கடிதங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் பிறந்து பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் வந்த கடிதங்களில், கீழ்ப்பாதியைப் பேரப்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருப்பார். அங்கே மட்டும் எழுத்து பெரிது. பாலபாடம் போலச் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டிருப்பார். கிடைத்த அந்தச் சின்னத் தாளில் அவ்வளவு இடத்தை வீணாக்குகிறாரே என்று நினைத்திருக்கிறேன். பிள்ளைகள் வந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "பாட்டி நல்லா இருக்காங்க, உங்களைச் சாப்பிடச் சொல்றாங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். பாதையில் வேலை என்பது என் நிரந்தரச் சாக்கு. பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கற்கவில்லை.

அம்மா போன பிறகு கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். 1999 ஜூனிலிருந்து பெரிய எழுத்து இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சிறிய எழுத்து. அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை.

நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு கோரிக்கை. இதழில் நினைவஞ்சலி கேட்டு வருகிறவர்களிடம் அடைமொழிகளை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பாதீர்கள். அம்மையார் செய்த மூன்று காரியங்களை எழுதி வாருங்கள் என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் ஊருக்குப் போன் செய்து அத்தையைக் கேட்கட்டும், அடுத்த வீட்டாரைக் கேட்கட்டும். இருக்கிற பாட்டிமாரிடம் இருக்கும்போதே கேட்பது இன்னும் நல்லது. ஞாயிறு தமிழ் வகுப்பில் அச்சடித்த பாடப்புத்தகத்தோடு வீட்டிலுள்ள பழைய கடிதங்களையும் கொண்டுவரச் சொல்லலாம். கையெழுத்து புரியாது என்று ஆசிரியைகள் சொல்கிறார்கள். என் தாயாரின் பெரிய எழுத்து யாருக்கும் புரியும். ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன்.

மகள் வயிற்றுப் பேத்திக்கு ஒன்பது வயது. நம் வகுப்பில் இரண்டு வருஷமாகப் படிக்கிறாள். சென்ற மாதத்திலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் அவளும் நானும் பெட்டியைத் திறக்கிறோம். அவளுடைய அம்மாவுக்கு எழுதியதைத்தான் அவள் வாசிக்கிறாள். அவளுடைய அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு கடிதத்துக்கு அரைமணி நேரம் ஆகிறது. நான்காவது கடிதத்தில் இருக்கிறோம். கல்லாற்றில் வெள்ளம் வந்தது, கரையோரம் நட்டிருந்த மரச்சீனி எல்லாம் போயிற்று என்று எழுதியிருக்கிறார். "மரச்சீனின்னா மரத்துல காய்க்கிற சர்க்கரையா தாத்தா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மலையாளிக் கடையில் ஒரு கிலோ கிழங்கு வாங்கி வந்தேன். நன்றாக வெந்தது.